சிவப்புக் கைப்பிடி

அத்தியாயம் 9

யானை வந்துபோன மூன்றாம் நாளும் யார் வாயிலும் வேறு பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆஸ்பத்திரி அறையில் காலையிலிருந்தே ஒறம்பரைக் கூட்டம், சொந்தபந்தமெல்லாம். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சுமதி முதலிலிருந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை விடியப்போகிற நேரம். வாழை முறிகிற சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடிய கணவன் கிருபாசங்கர். யானைக்குப் போட்ட மின்வேலியில் கரண்ட் இல்லை. திரும்பினால் எதிரே யானை. பின்னால் நகர்ந்தவன் வாய்க்கால் மேட்டில் இடறி விழுந்து, தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பட்டாசைக் கொளுத்திக்கொண்டு தோட்டத்து ஆள் மாசாணம் மட்டும் ஓடி வந்திருக்காவிட்டால்...

அந்த இடத்தில் சுமதி நிறுத்திவிடுவாள். காப்பாற்றியதும் மாசாணம், காப்பாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததும் மாசாணம் என்று ஒரே மூச்சில் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"பொழுதோட சுவிட்ச்சைப் போடறது ஒண்ணுதான அவனுக்கு வேல? அதைக்கூட மறந்துபோட்டான்னா என்னத்தச் சொல்றது?" என்றார் பெரியப்பா முறையுள்ள ஒருவர்.

ஜன்னலோரம் நின்றிருந்த நந்திதாவை அவர் அப்போதுதான் கவனித்தார். "அட, நம்ம கதைக்காரப் புள்ளையா? உன்ற ஆனை புஸ்தகத்துல இருந்து எறங்கி உங்கண்ணனையே தேடி வந்துருச்சு பாத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த கிருபாசங்கர் மட்டும் சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கூட்டம் கலைந்தபின் அவளைக் கூப்பிட்டான்.

"தோட்டத்துக்குப் போயிட்டு வாரயா? மாத்துத் துணி எடுத்துக்க. கனிஷ்காவையும் கூட்டிட்டு வந்துரு. மூணு நாளா பாக்கல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மாசாணத்துகிட்டச் சாவிய வாங்கிக்க. பொழுதுக்குள்ள அவன் குடியிருக்கற சாளையக் காலி பண்ணச் சொல்லிப்போட்டேன்."

"பதினாறு வருசமா இருக்கறாருங்கண்ணா."

"இருந்தா?" அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மறந்தா மறந்ததுதான். போ."

அண்ணன் பொய் சொல்லும்போது சுவரைப் பார்ப்பான் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று அவளுக்கு வேறு யோசனை. அண்ணன் மகள் கனிஷ்காவைப் பற்றி.

வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பத்து வயதுக் குழந்தை போனில் பேச மறுக்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் முதல் வார்த்தையே "அப்பறம் என்னாச்சு அத்தை?" என்று கேட்கிற குழந்தை.

* * *

பேரூர் தாண்டியதும் போன் அடித்தது. நந்திதா ஸ்கூட்டரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். அஃப்ரா. கோட்டைமேட்டில் தாத்தா காலத்து அச்சகத்தின் மாடியில் குழந்தைகளுக்கான பதிப்பகம் நடத்துகிறவள். கல்லூரித் தோழி.

"உங்கண்ணன் எப்படி இருக்கார்டி?"

"பரவால்ல. பிளேட் வெச்சிருக்காங்க."

"அல்லா காப்பாத்துனான். இந்த நேரத்துல கேக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ரெண்டாம் பதிப்பு நாளைக்குக் காலைல மிஷின் ஏறுது. கடைசிப் பக்கம் அப்படியே இருக்கட்டுமா?"

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள் நந்திதா.

கடைசிப் பக்கம். போத்தனூர் மாடி வீட்டில், ரயில் சத்தங்களுக்கு நடுவே, இரண்டு வருடம் உட்கார்ந்து அவள் எழுதி வரைந்த 'செம்பியும் வெள்ளிக்கொம்பனும்' புத்தகத்தின் கடைசிப் பக்கம்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றைச் சுற்றி மின்னல் கொடி படர்ந்திருக்கிறது. அதனால் மலையின் ராஜாவான வெள்ளிக்கொம்பன் யானை ஊருக்குள் இருக்கும் சுனைக்கு வர முடியவில்லை. அது மிதிக்கிற இடத்தில் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரில் நீல மீன்கள் பிறக்கும். யானை வராததால் மீன்கள் இல்லை, மழை இல்லை, மலையின் நிறங்களே ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருக்கின்றன. செம்பி என்ற பத்து வயதுப் பெண், எப்போதும் மணியைத் தப்பாகவே சொல்கிற ஒரு குட்டி ஆந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, கொடியின் நாக்கைத் தேடிப் புறப்படுகிறாள். சிவப்பு நாக்கு. அதைக் கீழே இழுத்தால் கொடி தூங்கிவிடும். இழுப்பதற்கு முன், வருவது நண்பன் என்று யானைக்குத் தெரிய, ஒரு பிறைநிலாவும் கீழே மூன்று புள்ளிகளும் வரைய வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் செம்பியின் கை சிவப்பு நாக்கின் மேல் இருக்கும். அடியில் ஒரே வரி: 'செம்பி இழுத்தாளா? நீங்களே கண்டுபிடியுங்கள்!'

நூற்றுக்கணக்கான குழந்தைகள் கடிதம் போட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் பிறையும் மூன்று புள்ளியும். கனிஷ்கா கடிதம் போடவில்லை, வாரா வாரம் போன் போட்டாள். போன புதன்கிழமை கேட்டபோது நந்திதா ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும்.

"நீயே கண்டுபுடியேன் கண்ணு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

* * *

தோட்டத்தில் வேலியோரத்து நேந்திரன் வாழைகள் நாலு வரிசைக்கு நசுங்கிக் கிடந்தன. ஈரமண்ணில் முறம் அகலத்துக்குக் காலடிக் குழிகள். நந்திதா வீட்டுக்குப் போகவில்லை. நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். கால் அங்கேதான் போயிற்று.

அந்தச் சின்ன அறையை அவள் நன்றாக அறிவாள். யானைத் தொல்லை அதிகமானபோது கிருபாசங்கர் சோலார் வேலி போட்டான். கம்பெனிக்காரன் கொடுத்த சுவிட்ச் கைக்கு அடக்கமாக இல்லை என்று, பழைய மோட்டாரின் மெயின் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி அதில் சேர்த்தான். கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான். மேலே தள்ளினால் வேலி உயிர்பெறும். கீழே இழுத்தால் அடங்கும். ஒரு மத்தியானம் முழுக்க நந்திதா எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அதை வரைந்தாள். கைப்பிடியின் வளைவு, மூடியில் இருந்த நசுங்கல், திருகாணி முதற்கொண்டு. "எதையும் பார்த்துத்தான் வரைவேன்" என்று பள்ளிக்கூடங்களில் பேசும்போது பெருமையாகச் சொல்வாள். குழந்தைகள் கைதட்டுவார்கள்.

பெட்டி அப்படியே இருந்தது. கைப்பிடி மேலே இருந்தது. வேலியின் 'டிக், டிக்' கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டிக்குக் கீழே, சாம்பல் நிறச் சிமெண்டுச் சுவரில், ஒரு குழந்தையின் இடுப்பு உயரத்தில், வெள்ளைச் சாக்பீஸால் ஒரு பிறைநிலா. கீழே மூன்று புள்ளி.

நந்திதா குந்தி உட்கார்ந்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கணக்கு. யார் பார்த்திருப்பார்கள்? யாருக்கு இது என்னவென்று தெரியும்? தெரிந்தால் என்ன ஆகும்? குழந்தையை எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். பாவம், பத்து வயது. குழந்தைக்காகத்தான், குழந்தைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே துப்பட்டா முனையால் துடைத்தாள். சாக்பீஸ் லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். மூன்றாவது புள்ளி போகும்போதுதான், நாளைக் காலை மிஷின் ஏறப்போகிற ரெண்டாம் பதிப்பு தன் மனதில் இத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

துப்பட்டாவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டதை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

* * *

சாளை வாசலில் இரண்டு சாக்கு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம், போர்வையில் சுற்றிய டி.வி. மாசாணம் கட்டில் காலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மிணி. காப்பி வெக்கச் சொல்லட்டுங்களா? பாத்தரமெல்லாம் கட்டிப்போட்டா. உங்களாட்ட யாராச்சும் வருவாங்கன்னு ஒரு போசிய மட்டும் வெளிய வெச்சிருக்கறா."

"வேண்டாங்கண்ணா. எங்க போறீங்க?"

"சூலூர்ல மச்சினன் தறி ஓட்டறானுங்க. அங்க போயித்தான் பாக்கோணும். ஆனைச் சத்தத்துக்கு முழிச்சுப் பழகுனவன் தறிச் சத்தத்துல தூங்கிப் பழகோணும், அவ்வளவுதானுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சாமியாத்தாளின் குரல் வந்தது. "சிரிப்பு வேற வருது பாரு! அம்மிணி, பாப்பா மூணு நாளா ரெண்டு வாய்க்கு மேல திங்கல. பருப்புச் சோறு பெசஞ்சு குடுத்தாக்கூட வேண்டாங்குது. கேட்டா வாயத் தொறக்காம பொட்டாட்ட இருக்குது."

வேலையை விட்டுத் துரத்தப்படுகிறவள்தான் மூன்று நாளாகக் கனிஷ்காவுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாள். நந்திதா சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

மாசாணம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கோணுங்க. அன்னைக்குப் பொழுதோட சுவிட்ச்சைப் போட்டுட்டு, எப்பவும்போலப் புல்லு வெச்சுப் பாத்தனுங்க."

அவர் வழக்கம் அது. வேலியைப் போட்டதும் நீளமாக ஒரு பச்சைப்புல்லைப் பிடுங்கிக் கம்பியின் மேல் வைப்பார். விரலில் சுருக்கென்று கடித்தால்தான் அவருக்கு நம்பிக்கை. அதையும் நந்திதா எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் செம்பி அப்படித்தான் கொடி விழித்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

"கடிச்சுதுங்க" என்றார் மாசாணம், ஆட்காட்டி விரலைக் காட்டி. "நல்லாக் கடிச்சுது. அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன் மொத நாளு. உங்கண்ணன் இல்ல, நீ மறந்துட்டேன்னு சொல்லச் சொல்ல, இப்ப எனக்கே ரோசனையாப் போச்சுங்க. அது அன்னைக்குக் கடிச்சுதா, முந்தின நாளு கடிச்சுதா? இவகிட்டக் கேக்கறேன், நான் போட்டனா, போட்டாப்ல நெனச்சுக்கிட்டனான்னு. புத்தி மங்கிப்போச்சுங்களா என்னமோ. தறிக்குப் போயி அங்கியும் எதையாச்சும் மறந்தா என்ன பண்றதுங்க?"

'நீங்கள் மறக்கவில்லை.' இரண்டே வார்த்தை. நந்திதாவின் தொண்டைவரை வந்தது.

"அண்ணன்கிட்டப் பேசறனுங்க" என்றாள்.

"பேச வேண்டாங்கம்மிணி. சாவிய மட்டும் அவரு கையில நானே குடுத்துப்போடறேன். பதினாறு வருசத்துக்கு முந்தி அவரு கையிலதான் வாங்குனேன். உங்க பின்னாடியே டி.வி.எஸ்-ல வாரேன்."

* * *

கனிஷ்கா வீட்டுப் பின்புறம், யானைக் காலடிக் குழி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அத்தையைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை.

"மோட்டார் ரூமுக்குப் போனீங்களா அத்தை?"

"ஆமாங்கண்ணு."

குழந்தையின் கண் துப்பட்டாவின் முனைக்குப் போயிற்று. வெள்ளை முழுக்கப் போகவில்லை.

"அழிச்சுட்டீங்களா?"

நந்திதா அந்த முனையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான் அழிக்கல" என்றாள் கனிஷ்கா. "யாராச்சும் பாப்பாங்கன்னு உட்டுட்டேன். அம்மா பாக்கல. சாமியாத்தாக்கா பாத்தாங்க, கிறுக்கியிருக்கறேன்னு நெனச்சுட்டாங்க. நீங்க வந்தாப் பாப்பீங்க, பாத்தா என்னையத் திட்டுவீங்கன்னு இருந்தேன். நீங்க அழிச்சுட்டீங்க."

நந்திதா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "ஏன் கண்ணு இழுத்தே?"

"நீங்கதான கண்டுபுடிக்கச் சொன்னீங்க?"

குறை சொல்கிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

"மாசாணண்ணன் போட்டுட்டுப் போனதுக்கு அப்பறம் போனேன். கொஞ்ச நேரந்தான் அத்தை. நூறு எண்ணற வரைக்குந்தான் கொடி தூங்கும், அப்பறம் தானா முழிச்சுக்கும்னு ஆந்தை சொல்லுதல்ல? நானும் நூறு எண்ணுனேன். நிதானமா எண்ணுனேன். ஆனை வரல. சரி, கொடி முழிச்சிருக்கும்னு வந்து படுத்துக்கிட்டேன்." அவள் குழி விளிம்பு மண்ணைக் கிள்ளினாள். "அது தானா முழிச்சுக்காதுங்களா அத்தை?"

நந்திதா கைப்பிடியைப் பார்த்து வரைந்தாள். பெட்டியைப் பார்த்து வரைந்தாள். புல்லைக்கூடப் பார்த்து எழுதினாள். எல்லாவற்றையும் பார்த்துச் செய்தவள், அந்த ஒன்றை மட்டும் கதைக்கு விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று இட்டுக்கட்டியிருந்தாள்.

"முழிச்சுக்காது கண்ணு. அது நான் பொய்யா எழுதுனது."

கனிஷ்கா குழிக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர்.

"விடிஞ்சதும் எல்லாக் குழியும் பாத்தேன். தண்ணி இருந்துச்சு. மீனு இல்ல. அப்பாவ ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு இருந்தாங்க, அப்பவும் நான் மீனத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். நந்திதா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தன் கண்ணீர் குழந்தையின் தலையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த அழுகையில் தனக்குப் பங்கு கேட்கக்கூடாது என்று தோன்றியது.

புறப்படும் முன் அஃப்ராவுக்கு ஒரே வரி அனுப்பினாள். 'அச்சுக்கு ஏத்தாதே. கடைசிப் பக்கம் மட்டுமில்ல, புத்தகமே வேண்டாம். நேர்ல சொல்றேன்.'

சாளை வாசலில் மாசாணம் டி.வி.எஸ்-ஸை உதைத்துக் கிளப்பி, மாற்றுத்துணிப் பையை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா? கனிஷ்கா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். முதலில் அண்ணனிடம் சொல்வோம், அவன் வாயால் இவருக்குச் சொல்லட்டும், அதுதான் முறை என்று நந்திதாவுக்குப் பட்டது. வீட்டு விஷயம் முதலில் வீட்டுக்கு. பிறந்ததிலிருந்து பழகிய வரிசை. அது அவளுக்கு அப்போது தப்பாகவே தெரியவில்லை.

* * *

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுமதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"இப்படிக் கொஞ்சம் உக்காருங்கண்ணா. பேசிட்டுக் கூப்படறேன்" என்று மாசாணத்தை வராந்தா நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நந்திதா குழந்தையோடு உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொள்ளும் என்று நினைத்தாள்.

கிருபாசங்கர் மகளைப் பார்த்ததும் கையை நீட்டினான். அவள் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"அண்ணா, வேலிய மாசாணண்ணன் மறக்கல" என்றாள் நந்திதா. "தப்பு எம்மேல. என்ற புஸ்தகத்தப் பாத்துட்டு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"டார்ச் அடிச்சதும் மொதல்ல கண்ணுல பட்டதே அதுதான். நெலாவும் மூணு புள்ளியும். எத்தனை தடவ இவளுக்கு அந்தப் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டியிருக்கறேன், எனக்குத் தெரியாதா? கைப்பிடிய மேல தள்ளிட்டுத் திரும்பறேன், ஆனை நிக்குது." அவன் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. நேராகத் தங்கையைப் பார்த்தான். "என்ன பண்ணச் சொல்றே? பக்கத்துத் தோட்டத்துலயும் நாப்பது வாழை போயிருச்சு. கிருபா புள்ளதான் ஆனைய உள்ள உட்டுச்சுன்னு ஊரெல்லாம் பேசோணுமா? பள்ளிக்கூடத்துல இவள என்ன சொல்லிக் கூப்புடுவாங்க? உன்ற புஸ்தகத்தத்தான் சும்மா உடுவாங்களா?"

"அதுக்கு..."

"மாசாணம் நாலு நாளைக்கு வெசனப்படுவான். அப்பறம் எங்கியாச்சும் போயிப் பொழச்சுக்குவான்னு நெனச்சேன்."

நந்திதாவால் அவனைத் திட்ட முடியவில்லை. மோட்டார் ரூமில் எச்சில் தொட்டுத் துடைத்த அவளுக்கு அதற்கு வாய் ஏது? இரண்டு பேரும் ஒரே அடையாளத்தைத்தான் அழித்திருக்கிறார்கள், அவன் துப்பட்டா இல்லாமல் அழித்தான்.

"அப்பா." கனிஷ்காவின் குரல் சின்னதாக, ஆனால் உடையாமல் வந்தது. "மாசாணண்ணன் அவரு மறந்துட்டாருன்னு அவரே நம்பிட்டு இருக்கறாருங்கப்பா. அவரு புத்தி மங்கிப்போச்சான்னு சாமியாத்தாக்காகிட்டக் கேட்டுட்டே இருக்கறாரு. அவருகிட்ட யாருமே சொல்லலீங்களா?"

கிருபாசங்கர் மகளை நோக்கி மறுபடியும் கையை நீட்டினான்.

வெளியே சாவிக்கொத்து எதன் மேலோ வைக்கப்படுகிற சத்தம், மெதுவாக.

நந்திதா திரும்பினாள். கதவு சாத்திக்கொள்ளவில்லை. ஒரு சாண் திறந்தபடியே இருந்தது.

வராந்தா நாற்காலியில் யாரும் இல்லை. மாற்றுத்துணிப் பை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சாவிக்கொத்து. கேட், சாளை, மோட்டார் ரூம். மோட்டார் ரூம் சாவிக்கு அடையாளமாகக் கட்டியிருந்த சிவப்புத் துணி நாற்காலி விளிம்பில் தொங்கியது.

அண்ணன் கையில்தான் கொடுப்பேன் என்று வந்தவர்.

கனிஷ்கா அத்தைக்கும் கதவுக்கும் இடையே புகுந்து வெளியே வந்தாள். சாவிக்கொத்தை எடுத்தாள். லிஃப்ட் பக்கம் பார்த்தாள், படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். "மாசாணண்ணா!" என்று கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினாள். கீழே எங்கோ ஒரு டி.வி.எஸ் உதைபடுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை.

இந்த முறை, நீயே கண்டுபிடி என்று குழந்தையைத் தனியே விட்டுவிட முடியாது. அறை வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் நந்திதா அவள் பின்னால் ஓடினாள்.